தேத்தண்ணி குடித்தவர் கையெழுத்திடலாகாது

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் ஞானேந்திரனுக்கு ஒரு வீடு இருந்தது. வீட்டின் அடியில் இருந்த மண் மட்டும் அவருடையதல்ல. வீட்டையும் மண்ணையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம் என்பது அவருக்கு இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். வீட்டை விற்ற இத்தாலியக் கிழவர் அதைச் சொல்லத்தான் செய்தார். நொத்தாரிசும் வீட்டு உறுதிப் பத்திரத்தை வேகமான பிரெஞ்சில் வாசித்துக்காட்டினார். டோர்வல் விமான நிலையத்தில் இரவு வேலை முடித்துவந்து நித்திரையோடு உட்கார்ந்திருந்த ஞானேந்திரன், நொத்தாரிசு மூச்சு வாங்க நிறுத்திய இடங்களிலெல்லாம் "உய்", அதாவது ஓம், என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

மண், நித்திய நிலம் அறக்கட்டளைக்குச் சொந்தம். வேலையாட்கள் மலிவாக வீடு கட்டிக் குடியிருக்கட்டும் என்று ஒக்தாவி அம்மையார் என்ற விதவை தமது முட்டைக்கோவாத் தோட்டத்தைத் தானமாகக் கொடுத்ததில் தொடங்கிய அறக்கட்டளை அது. நல்ல மனுசி. வீடு கட்டிய கூலிக்காரர்களுக்குத் தமது கையாலேயே சூப்பு ஊற்றிக் கொடுத்தாராம். நிலம் நீண்டகாலக் குத்தகை. காலம் முடியும் நாளில் குத்தகையை நீட்டாவிட்டால், மண்ணோடு சேர்ந்து சுவரும் கூரையும் குசினியும் அறக்கட்டளைக்குப் போய்விடும்.

அந்த நாள் இந்த ஆண்டு ஜூன் முடிவில் வருகிறது என்று பனிக்காலத்தில் கடிதம் வந்தது. புரோசார்ட்டில் இருக்கும் மகள் றொஷினி அதைத் தொலைபேசியில் வாசித்து விளக்கினாள்.

"பயப்பிடாதேங்கோ அப்பா. அவையின்ர ஆள் ஒராள் வந்து வீட்டைப் பாப்பார். நல்லா வச்சிருக்கிறியள் எண்டு கையெழுத்து வச்சால் நீட்டுவினம்."

"அவ்வளவுதானே பிள்ளை?"

"அவ்வளவுதான். ஆனா அந்த ஆள் நடுநிலையா இருக்கோணுமாம்."

ஞானேந்திரனுக்குக் கவலை இருக்கவில்லை. கூரை புதிது, யன்னல்கள் புதியவை. மேல்வீட்டில் எண்ணெய் மணக்கக் கூடாது என்று நிலக்கீழ் அறையில் பொரியலுக்கென்றே இரண்டாவது குசினியும் கட்டியிருந்தார். எந்த நடுநிலையாளரும் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தார்.

முதலில் வந்தவர் மொசியூ டுபே. தாடியில் உறைபனி தொங்க வாசலில் நின்றவர், சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார். ஒரு காலுறை நனைந்திருந்தது. ஞானேந்திரனின் மனைவி தாட்சாயினிக்கு அதிலேயே மனம் இளகிவிட்டது. அவர் கூரையைப் பார்த்து, சுவரைத் தட்டி, கீழ்க்குசினியை அளந்து முடித்து மேலே வரும்போது மேசையில் இஞ்சித் தேத்தண்ணியும் றால் வடையும் ஆவி பறக்க இருந்தன.

"வேண்டாம் மதாம், நன்றி," என்றார் டுபே.

எங்கள் ஆட்களிடம் முதலாவது வேண்டாம் கணக்கில் வராது. அது மரியாதைக்குச் சொல்லப்படுவது. இரண்டாவது வேண்டாமுக்குப் பிறகு கொஞ்சம் குறைத்துப் போடுவார்கள். மூன்றாவது வேண்டாம் என்று ஒன்று இருப்பதாகத் தாட்சாயினி கேள்விப்பட்டதில்லை. டுபே குடித்தார். வடையைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினார். வீடு மிக நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கையெழுத்து செல்லாது என்று அடுத்த கிழமை கடிதம் வந்தது.

"அவர் எங்கட வீட்டில சாப்பிட்டவராம்," என்றாள் றொஷினி. "அறக்கட்டளையின்ர நடுநிலை விதி. ஒரு வீட்டில வாய் நனைச்ச ஆள், அந்த வீட்டைப் பற்றி ஆயுசுக்கும் ஒண்டிலயும் கையெழுத்து வைக்கேலாது."

"நாங்கள் ஆருக்கும் சொல்லேல்லையே!"

"அவரே சொல்லியிருக்கிறார் அப்பா. 'பெற்ற நன்மைகள்' எண்டு ஒரு இடம் இருக்கு. அதில எழுதியிருக்கிறார்: பால் விட்ட தேநீர், சாயம் கடுப்பு. மேலே றால் ஒட்டிய வட்டப் பலகாரம், அளவுக்கு மிஞ்சி."

"பாவம், உண்மையான மனுசன்," என்றார் தாட்சாயினி.

ஞானேந்திரன் அறக்கட்டளையின் கந்தோருக்கு நேரில் போனார். முகப்பு மேசையில் யோசெப்பின் என்ற ஹெயிட்டிக்காரப் பெண்மணி இருந்தார். விடயத்தைக் கேட்டதும் பெருமூச்சு விட்டார்.

"உங்கள் வீட்டிலும் அப்படியா மொசியூ? எங்கள் வீட்டில் தபால்காரருக்கே சாப்பாடு வைத்துவிடுவோம். அதனால்தான் என்னை இந்த மேசையை விட்டு எங்கும் அனுப்புவதில்லை."

இரண்டாவது முறை வருபவருக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று ஞானேந்திரன் மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

"வீட்டுக்கு வந்த ஆளை வெறும் வாயோட அனுப்பச் சொல்லுறியளே? நாய்க்குக்கூட அப்பிடிச் செய்யிறேல்லை."

"நாய்க்குக் குடுக்கலாம் தாட்சா. நாய் கையெழுத்து வைக்கிறேல்லை."

வேலைக்குப் போகும்போது அவர் தேத்தண்ணிக் கேத்திலைக் காரின் டிக்கியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போனார்.

இரண்டாவதாக வந்த மதாம் ஃபொர்த்தியே ஏழு மாதக் கர்ப்பிணி. நிலக்கீழ்க் குசினியைப் பார்த்துவிட்டுப் படியேறி வந்தவருக்குக் கண் இருண்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்துப்போயிற்று. தாட்சாயினிக்கு அறக்கட்டளையும் தெரியவில்லை, ஜூன் மாதமும் தெரியவில்லை. குவளையில் சீனியைக் கரைத்துத் தலையைப் பிடித்துப் பருக்கிவிட்டார். ஃபொர்த்தியே தெளிந்து, அவரைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் அழுது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கடிதம் வந்தது. தாயும் சேயும் நலமாக இருப்பதில் அறக்கட்டளை மகிழ்ச்சியடைகிறது. மதாம் ஃபொர்த்தியேயின் கையெழுத்து செல்லாது. சீனித் தண்ணீரில் பங்குபெற்ற காரணத்தால், பிறக்கவிருக்கும் குழந்தையும் பிற்காலத்தில் அறக்கட்டளையில் வேலைக்குச் சேர நேர்ந்தால், இந்த வீடு சம்பந்தமாகக் கையெழுத்திடும் தகுதியை இழக்கிறது.

ஞானேந்திரன் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அவர் பயணப்பெட்டிகளை விமானத்தில் ஏற்றுகிறவர். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் தூக்கி வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பதுதான் அந்த வேலை. கடிதங்களையும் அப்படித்தான் எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தார். ஓவர்டைம் செய்தார், வந்தார், சாப்பிட்டார், படுத்தார். என்ன யோசிக்கிறீர்கள் என்று மனைவி கேட்டால், உண்மையாகவே ஒன்றும் இருக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர் வீட்டைப் பார்க்க வரவில்லை. ஒரே வீட்டில் இரண்டு அதிகாரிகள் கெட்டுப்போனது எப்படி என்று விசாரிக்க வந்தவர். மொசியூ கர்னோ என்று பெயர். தமது கதிரையை மடித்துக் கொண்டுவந்தார். தமது சூப்பைச் சுடுநீர்ப் போத்தலில் கொண்டுவந்தார். வீட்டுச் சுவரில்கூடச் சாயாமல் மண்டபத்தின் நடுவில் அமர்ந்து கேள்வி கேட்டார்.

"மதாம், நீங்கள் என்ன எதிர்பார்த்துத் தேநீர் கொடுத்தீர்கள்?"

"குடிப்பார் எண்டு," என்றார் தாட்சாயினி.

கர்னோ அதை மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். மூன்று முறையும் அதே பதில்தான் வந்தது. மத்தியானம் அவர் போத்தலைத் திறந்தபோது சூப்பு ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது. இரவு முழுக்கக் காரில் கிடந்த போத்தல். அவர் ஒரு கரண்டி வாயில் வைத்து முகம் சுளித்தார். குறிப்பெழுதக் குனிந்து நிமிர்வதற்குள் சூப்பு மைக்ரோவேவுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டது. ஆவி கண்ணாடியில் படிய, கர்னோ தம்மை மறந்து முழுவதையும் குடித்தார்.

"என்னப்பா செய்து வச்சிருக்கிறீர்!" என்றார் ஞானேந்திரன் அன்று மாலை.

"அது அவரின்ர சூப்பு. நான் ஒண்டும் போடேல்லை." சற்று நேரம் கழித்துத் தாட்சாயினி சொன்னார்: "கொஞ்சம் மிளகுதான் போட்டனான்."

இம்முறை கடிதத்துக்குப் பதில் அழைப்பு வந்தது. வெப்பம் ஒரு நன்மையா இல்லையா என்பதைத் தீர்மானிக்க அறக்கட்டளையின் அறநெறிக் குழு கூடியது. தம்பதியர் பின்வரிசையில் அமர்த்தப்பட்டார்கள். றொஷினி காதுக்குள் மொழிபெயர்த்தாள்.

வெப்பத்தைக் காணமுடியாது என்றார் ஒருவர். நிறுக்கமுடியாது என்றார் இன்னொருவர். திருப்பிக் கொடுக்கவும் முடியாது என்றார் தலைமை வகித்தவர். காணவும் நிறுக்கவும் திருப்பிக் கொடுக்கவும் முடியாதது எதுவோ அதுவே மிகவும் ஆபத்தான நன்மை என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. மிளகைப் பற்றிப் பேச்சு வரவில்லை. கர்னோ அதைக் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு இயக்குநர் மொசியூ பெலாங்ஜே எழுந்தார். வெள்ளைத் தலை, மெல்லிய குரல், சத்தம் போடத் தெரியாத மனிதர்.

"நண்பர்களே," என்றார், "இந்தத் தம்பதியர்மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் அன்பானவர்கள். அன்பானவர்களிடமிருந்து நம்மைக் காத்துக்கொள்ளத்தான் விதிகள் இருக்கின்றன. கெட்டவர்களோடு நமக்கு என்றைக்குமே சிரமம் இருந்ததில்லை. அவர்கள் ஒன்றும் தருவதில்லை."

எல்லோரும் தலையசைத்தார்கள். அவர் சுவரில் இருந்த ஒக்தாவி அம்மையாரின் ஓவியத்தைக் காட்டினார்.

"நம் நிறுவனரைப் பாருங்கள். பழைய ஓவியத்தில் அவர் கையில் ஒரு சூப்புக் கிண்ணம் இருந்தது. விதி வந்த ஆண்டில் அதன்மேல் விதிப்புத்தகத்தை வரையச் செய்தோம். இன்றைய விதிகளின்படி அந்த அம்மையாரை நாம் வேலைக்கு எடுத்திருக்கவே முடியாது. நாம் எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறோம் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?"

கைதட்டினார்கள். றொஷினி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"என்ன பிள்ளை சொல்லுறார்?"

"ஒண்டுமில்லை அப்பா. வளந்திட்டினமாம்."

குழுவினருக்குக் கையெழுத்து அதிகாரம் இல்லை; அது உள்ளவர்களில் இந்த வீட்டைப் பொறுத்தவரை கெட்டுப்போகாமல் எஞ்சியிருந்தவர் இயக்குநர் ஒருவர்தான். அவரே வந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. பார்வையிடும் நேரம் முழுவதும் வீட்டுக்காரர்கள் வெளியே இருக்க வேண்டும். அடுப்பு அணைந்திருக்க வேண்டும். அன்று சமைக்கவும் கூடாது, ஏனென்றால் வாசனை பற்றிக் குழு இன்னும் முடிவெடுக்கவில்லை.

அவர் வந்த ஏப்ரல் நாளில் உறைமழை பெய்தது. விழுந்த துளியெல்லாம் விழுந்த இடத்திலேயே கண்ணாடியாயிற்று. மரக்கிளைகள் முறிந்து தொங்கின. ஞானேந்திரனும் தாட்சாயினியும் தெருவின் மறுபக்கத்தில் பஸ் தரிப்பிடத்துக்குள் நின்று தங்கள் வீட்டைத் தாங்களே பார்த்தார்கள். இயக்குநரின் நிழல் ஒவ்வொரு யன்னலாகக் கடந்து போனது.

"கூரையைப் பாத்தவரோ தெரியேல்லை," என்றார் ஞானேந்திரன்.

"பாத்திருப்பார். பாவம், வெறும் வயித்தோட வந்தவரோ என்னவோ."

"நீர் வாயை மூடிக்கொண்டு நில்லும்."

கதவு திறந்தது. பெலாங்ஜே வெளியே வந்தார். இந்த நகரத்து வீடுகளுக்குப் படிக்கட்டு வெளியில்தான். வளைந்து இறங்கும் அந்த இரும்புப் படிகளில் ஞானேந்திரன் காலையில் உப்புத் தூவியிருந்தார். மழை அதன்மேலும் ஒரு கண்ணாடி போட்டிருந்தது. இயக்குநர் மேல்படியில் கால் வைத்தார். அடுத்ததாக அவர் கீழே கிடந்தார். ஒரு கால் இருக்கக்கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது.

இருவரும் தெருவைக் கடந்து ஓடினார்கள். ஓடினார்கள் என்பதைவிடச் சறுக்கினார்கள் என்பதே சரி.

"தள்ளி நில்லுங்கள்!" என்று கத்தினார் பெலாங்ஜே. அந்த மனிதருக்குக் கத்தவும் வரும் என்பது அப்போதுதான் தெரிந்தது. "தொடாதீர்கள்! வீட்டைப் பார்த்துவிட்டேன். நன்றாக இருக்கிறது. கந்தோருக்குப் போய்த்தான் கையெழுத்திட வேண்டும். அதுவரை என்னைத் தொட்டுவிடாதீர்கள். உங்களுக்காகத்தான் சொல்கிறேன்."

ஞானேந்திரன் அம்புலன்சுக்கு அழைத்தார். தெருவெல்லாம் பனிக்கட்டி, நேரம் ஆகும், அவரைச் சூடாக வைத்திருங்கள் என்றார்கள்.

மழை பெலாங்ஜேயின் முகத்தில் விழுந்து கொண்டிருந்தது. பற்கள் அடித்துக்கொண்டன. ஞானேந்திரன் அவரைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான். சும்மா நின்றால் வீடு நிற்கும். இத்தனை மாதமாக உள்ளுக்குள் ஒன்றும் அசையாமல் இருந்தவருக்குச் சும்மா நிற்பது பெரிய வேலையல்ல. அவர் நின்றார். கொஞ்ச நேரம் உண்மையாகவே நின்றார்.

தாட்சாயினி அதற்குள் குனிந்திருந்தார்.

"இஞ்சேருங்கோ, யோசிக்கிறதைப் பேந்து யோசிப்பம். தலைப்பக்கம் பிடியுங்கோ."

பாரம் தூக்குவது ஞானேந்திரனுக்குத் தெரியும். முதுகைப் பார்த்து, முழங்காலை மடித்து, அவரைத் தூக்கினார். நிலக்கீழ் அறையின் வாசல் வழியாக உள்ளே கொண்டுபோய்ப் பழைய சோபாவில் கிடத்தினார்கள். ஈர உடுப்பைக் கழற்றிக் கம்பளி போர்த்தினார்கள். பொரியல் குசினியின் அடுப்பு பற்றியது. தேத்தண்ணி வந்தது. பெலாங்ஜே அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொசியூ," என்றார் ஞானேந்திரன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "நாங்கள் ஒருவருக்கும் சொல்ல மாட்டோம்."

சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது. தாட்சாயினி கோப்பையின் பிடியை நோயாளியின் பக்கம் திருப்பி வைத்தார். பெலாங்ஜே அதை இரண்டு கைகளாலும் பற்றிக் கடைசித் துளிவரை குடித்தார். பிறகு மௌனமாக அழுதார். காலின் வலியாக இருக்கலாம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே அவர் பெற்ற நன்மைகளை எழுதி அனுப்பினார். இரண்டு பேரின் கைகள். கம்பளி. உலர்ந்த காலுறை. தேநீர். எல்லாவற்றையும் எழுதியவர் கடைசியில், "இன்னும் சில, பெயரிடத் தெரியவில்லை" என்றும் சேர்த்திருந்தாராம்.

குத்தகை நீட்டப்படாது என்று கடிதம் வந்தது. ஜூன் முடிவில் வீட்டை அறக்கட்டளை பொறுப்பேற்கும்.

றொஷினி வந்து பெட்டி கட்ட உதவினாள். "எங்களோட வந்து இருங்கோ. கீழ இடம் இருக்கு," என்றாள். ஞானேந்திரன் ஓம் என்றார். சட்டி பானைகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றினார், ஒட்டுநாடா ஒட்டினார், அடுக்கினார். ஜூலை முதலாம் திகதி இந்த நகரமே வீடு மாறுகிற நாள். தெருவில் இப்போதே லொறிகள் நிற்கத் தொடங்கியிருந்தன. முதுகை நிமிர்த்தி அவற்றைப் பார்த்தார். நாங்களும் அதில் ஒன்று என்று நினைத்தார். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

மாதம் முடிவதற்குச் சற்று முன் ஒரு பின்னேரம் மணி அடித்தது. வாசலில் யோசெப்பின் நின்றார். நல்ல உடுப்பு, தலையில் தொப்பி, கோவிலுக்குப் போகிறவர் மாதிரி.

"உள்ளே வரலாமா?"

"வாங்கோ, வாங்கோ. இருக்கத்தான் கதிரை இல்லை," என்றார் தாட்சாயினி.

யோசெப்பின் ஒரு பெட்டியின்மேல் அமர்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"வீட்டைப் பொறுப்பேற்கும் பத்திரத்தில் யாராவது கையெழுத்திட வேண்டும்; அது இல்லாமல் வீட்டை எடுக்க முடியாது. கந்தோரில் கையெழுத்து வைக்கக்கூடியவர்களில் இந்த வீட்டில் வாய் நனைக்காதவர் என்று யாரும் இல்லை. புதிதாக ஒருவரை எடுக்கலாம் என்றார்கள். இந்த வீட்டுக்காக ஆள் எடுப்பதற்கும் ஒரு கையெழுத்து வேண்டும். அதற்கும் ஆள் இல்லை. கடைசியில், மேசையை விட்டு எழும்பாதவள் ஒருத்தி இருக்கிறாளே என்று என் ஞாபகம் வந்திருக்கிறது. விதிப்படி பதவி தானாகவே எனக்கு வருகிறது."

ஞானேந்திரன் தலையசைத்தார். "ஓம். இப்பவே கையெழுத்து வைக்கப்போறியளோ, மதாம்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, பிறகு பிரெஞ்சில் கேட்டார்.

"இல்லை மொசியூ. இன்றைக்கு நான் முகப்பு மேசைக்காரி மட்டும்." யோசெப்பின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "வேலை முடிந்து நேரே வருகிறேன். தாகமாக இருக்கிறது. மதாம், எனக்கு ஒரு தேநீர் கிடைக்குமா?"

முதலில் விளங்கியது தாட்சாயினிக்குத்தான். அவர் நெஞ்சில் கை வைத்தார்.

"முருகா! இஞ்சேருங்கோ, கேத்திலை எந்தப் பெட்டியில வச்சனீங்கள்?"

ஞானேந்திரன் எழுந்தார். ஒரு பெட்டியின் ஒட்டுநாடாவை இழுத்தார். தலையணைகள். அடுத்ததைக் கிழித்தார். சுவாமிப் படங்கள். அதற்கடுத்ததை இழுத்தெடுத்தார். ஒட்டுநாடா நகத்தில் அகப்படவில்லை. கண்ணும் சரியாகத் தெரியவில்லை. இத்தனை மாதமும் வராதது எல்லாம் சேர்ந்து இப்போது வருகிறதே என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியோடு மல்லுக்கட்டினார்.

"அவசரமில்லை மொசியூ," என்றார் யோசெப்பின். "ஆறுதலாகத் தேடுங்கள். நாளைக் காலையில்தான் என்னை அதிகாரி ஆக்குகிறார்கள்."